இந்தியா – சீனா மர இறக்குமதி: தொகையை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டு வாசலுக்கு வைக்கும் நிலைக்கதவு, சமையலறை அலமாரிக்கு வாங்கும் பிளைவுட், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், கடைக்குச் சரக்கு வந்து இறங்கும் அட்டைப்பெட்டி. இவை எல்லாமே மரத்திலிருந்து வந்தவை. இவற்றில் கணிசமான பகுதி நம் நாட்டில் வளர்ந்த மரம் அல்ல. நியூசிலாந்தின் பைன், மலேசியாவின் சரவாக் மாநிலத்து மரம், ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்த்த தேக்கு, இந்தோனேசியாவின் காகிதக் கூழ் என்று பல நாடுகளிலிருந்து கப்பலில் வந்து சேர்கிறது.

நம்மைப் போலவே மரத்துக்கு வெளிநாடுகளைச் சார்ந்திருக்கும் இன்னொரு பெரிய நாடு சீனா. வனப்பொருட்களை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்யும் நாடு அதுதான். டாலர் மதிப்பில் பார்த்தால் இந்தியாவின் இறக்குமதி சீனாவினுடையதில் ஒரு சிறு பங்குதான்.

இந்த ஒப்பீட்டைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். 'உலகக் காடுகளை அழிப்பது சீனாதான்' என்பது ஒன்று. 'இந்தியா மரத்தில் தன்னிறைவு அடைந்துவிட்டது' என்பது மற்றொன்று. அந்த ஒற்றைத் தொகையை வைத்து இந்த இரண்டில் எதையுமே சொல்ல முடியாது. ஏன் முடியாது, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

வனப்பொருள் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ஆண்டுதோறும் வனப்பொருள் வணிகப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. அதில் வருபவை: வெட்டிய தடி மரம், அறுத்த மரம், பிளைவுட் போன்ற பலகை வகைகள், காகிதக் கூழ், காகிதமும் அட்டையும், மறுசுழற்சிக்கான கழிவுக் காகிதம், விறகு, கரி, மரச்சில்லு ஆகியவை.

சுங்கத் துறையின் கணக்கில் சரக்குகளுக்கு அத்தியாய எண்கள் உண்டு. 44 என்பது மரமும் மரப்பொருட்களும். 47 என்பது கூழும் கழிவுக் காகிதமும். 48 என்பது காகிதமும் அட்டையும். வனப்பொருள் இறக்குமதி என்று பேசும்போது சிலர் 44ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் மூன்றையும் கூட்டுகிறார்கள். இரண்டு கணக்கும் ஒன்றல்ல. இந்தியாவைப் பொறுத்தவரை 47, 48 இரண்டையும் விட்டுவிட்டால் மொத்தத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மர நாற்காலி, கட்டில், மேசை ஆகியவை 94ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. அச்சிட்ட புத்தகம் 49இல் வருகிறது. இவை மரத்தால் ஆனவை என்றாலும் வனப்பொருள் தொகையில் சேர்வதில்லை. ஆகவே ஒரு நாடு தடியாக வாங்கித் தானே கட்டில் செய்தால் அது கணக்கில் தெரியும். இன்னொரு நாடு கட்டிலாகவே வாங்கினால் தெரியாது.

இரண்டு நாடுகளும் ஏன் வெளியில் வாங்குகின்றன?

சீனாவில் 1998ஆம் ஆண்டு யாங்சி நதியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 4,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நதியின் மேற்பகுதிக் காடுகளை வெட்டித் தீர்த்ததும் இதற்கு ஒரு காரணம் என்று அரசு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு அந்தப் பகுதிகளில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது. படிப்படியாக விரிந்த அந்தத் தடை, 2017இலிருந்து நாடு முழுவதற்குமானதாக ஆனது. உள்நாட்டில் கதவை மூடிய சீனா, வெளிக்கதவைத் திறந்தது. 1999இல் தடி, அறுத்த மரம், கூழ் ஆகியவற்றின் மீதான இறக்குமதித் தீர்வையை நீக்கியது.

இந்தியாவில் இதேபோன்ற திருப்பத்துக்குக் காரணமாக இருந்த வழக்கு நம் நீலகிரியிலிருந்து புறப்பட்டது. கூடலூர் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதற்கும் பொருந்துவதாக இருந்தது. மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களில் பல மர ஆலைகள் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் மூலப்பொருளுக்கு இயற்கைக் காடுகளை நம்பியிருக்கக் கூடாது என்று கூறியிருந்தது.

ஆக, இரண்டு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தங்கள் காடுகளைக் காக்க முடிவெடுத்தன. ஆனால் வீடு கட்டுவதும் காகிதம் பயன்படுத்துவதும் குறையவில்லை. அந்தத் தேவை பிற நாடுகளின் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடம் மாறியது. இறக்குமதித் தொகை உயர்ந்ததன் அடிப்படைக் காரணம் இதுதான்.

எதை வாங்குகிறார்கள் என்பதே முக்கியம்

இரு நாடுகளின் மக்கள்தொகையும் ஏறத்தாழச் சமம். 2023இல் இந்தியா சீனாவை முந்தியது. எனவே தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாலும் இந்த ஒப்பீட்டில் பெரிய மாற்றம் வராது. இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிட்டால் கட்டாயம் வகுத்தாக வேண்டும். இங்கே வேறுபாட்டுக்கான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதல் காரணம் காகிதம். இந்தியாவில் ஓர் ஆள் ஆண்டுக்குப் பயன்படுத்தும் காகிதமும் அட்டையும் சேர்ந்து சுமார் 15 கிலோ. சீனாவில் இது பல மடங்கு அதிகம். ஏற்றுமதிக்கான பொருட்களைக் கட்டும் அட்டைப்பெட்டிகளே அங்கு மலைபோல் தேவைப்படுகின்றன. 2023இல் மட்டும் சீனா சுமார் 3.67 கோடி டன் கூழ் இறக்குமதி செய்தது.

இரண்டாவது, தடியாக வாங்குவதா, அறுத்து வாங்குவதா என்பது. இந்தியா நெடுங்காலமாகத் தடி மரத்தை அதிகம் வாங்கும் நாடு. அறுத்த மரத்தைவிடத் தடிக்குத் தீர்வை குறைவு. குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தையொட்டி காந்திதாமில் நூற்றுக்கணக்கான மர அறுவை மில்கள் இதை நம்பி வளர்ந்தன. நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் தடி மரம் இறங்குகிறது. அறுப்பதும் இழைப்பதும் இங்கே நடப்பதால் அந்தக் கூலி நம் நாட்டிலேயே தங்குகிறது.

ஆனால் விற்கும் நாடுகள் இதை விரும்புவதில்லை. தடியாக அனுப்பினால் தங்களுக்கு வேலை இல்லை என்பது அவர்கள் வாதம். இந்தோனேசியா 1985இலேயே தடி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆப்பிரிக்காவின் கபோன் 2010இல் தடை செய்தது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதலும், ரஷ்யா ஊசியிலை மரங்களுக்கும் விலையுயர்ந்த கடின மரங்களுக்கும் 2022 ஜனவரி 1 முதலும் தடை விதித்தன. மியான்மரின் தடைக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் சில அங்கேயே போய் ஆலை வைத்தன. ரஷ்யாவின் தடைக்குப் பிறகு சீனா அங்கிருந்து அறுத்த மரமாக வாங்குகிறது.

இதனால் தொகைக்கு என்ன ஆகிறது? கணக்குக்காக இரண்டு நாடுகளை வைத்துக்கொள்வோம். முதல் நாடு 100 கன மீட்டர் தடியை, கன மீட்டர் 150 டாலர் வீதம் வாங்குகிறது. தொகை 15,000 டாலர். இரண்டாவது நாடு 50 கன மீட்டர் அறுத்த மரத்தை 400 டாலர் வீதம் வாங்குகிறது. தொகை 20,000 டாலர். இரண்டாவது நாடுதான் அதிகம் வாங்கியது போலத் தெரிகிறது. ஆனால் தடியை அறுக்கும்போது ஏறத்தாழப் பாதி மரத்தூளாகவும் சிராயாகவும் போய்விடும். 50 கன மீட்டர் அறுத்த மரம் கிடைக்க 100 கன மீட்டர் தடி வெட்டியாக வேண்டும். அதாவது காட்டில் விழுந்த மரம் இரண்டிலும் ஒன்றே. கூடுதல் 5,000 டாலர் என்பது அறுத்த கூலியும் லாபமும்தான்.

காடுகளுக்கு ஏற்படும் பாதிப்பைப் பேசுபவர்கள் டாலரை விட்டுவிட்டு, எல்லாப் பொருட்களையும் தடி மரத்தின் அளவுக்கு மாற்றிக் கணக்கிடுவது இதனால்தான்.

கழிவுக் காகிதம் சொல்லும் பாடம்

இதற்கு நடைமுறை உதாரணம் ஒன்று உண்டு. சீனா 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் கழிவுக் காகிதத்தை அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாங்கி வந்தது. அதனுடன் குப்பையும் கலந்து வருகிறது என்று 2018இல் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2021 ஜனவரி 1 முதல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்தியது. அந்த நாருக்கு மாற்றாக விலை அதிகமான கூழை வாங்கத் தொடங்கியது.

கழிவுக் காகிதம் டன் 200 டாலர், கூழ் டன் 600 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதே ஒரு டன்னுக்குத் தொகை மூன்று மடங்காகிறது. சீனாவில் காகிதப் பயன்பாடு ஒரு கிலோகூட உயராமல் இறக்குமதித் தொகை மட்டும் உயரும்.

சீனா கைவிட்ட கழிவுக் காகிதத்தில் ஒரு பகுதியை வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் நாட்டுக் காகித ஆலைகளில் பெரும்பாலானவை கழிவுக் காகிதத்தை வைத்தே ஓடுகின்றன. மலிவான பொருளை வாங்கும் நாட்டின் தொகை சிறிதாகத் தெரிவது இயல்பு. அதைத் தன்னிறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

தொகையை மாற்றும் மற்ற காரணங்கள்

*கப்பல் கூலி:* இந்தியாவும் சீனாவும் இறக்குமதி மதிப்பை, பொருளின் விலையோடு காப்பீட்டையும் கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. ஏற்றுமதி செய்யும் நாடு கப்பலில் ஏற்றியது வரையிலான விலையைத்தான் எழுதும். எனவே நியூசிலாந்து எழுதும் ஏற்றுமதித் தொகையும் இந்தியா எழுதும் இறக்குமதித் தொகையும் ஒத்துப்போகா. 100 டாலர் தடிக்குக் கூலி 30 டாலரிலிருந்து 60 டாலரானால், இறக்குமதி மதிப்பு 130இலிருந்து 160 ஆகும். கொரோனா காலத்தில் கப்பல் கூலி பல மடங்கு உயர்ந்தபோது இப்படித்தான் நடந்தது. அமெரிக்கா பொதுவாகக் கூலி சேர்க்காத மதிப்பையே வெளியிடுகிறது. அந்நாட்டோடு ஒப்பிடும்போது கூடுதல் கவனம் தேவை.

*ரூபாய் மதிப்பு:* 2014இல் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய். 2023இல் சுமார் 83 ரூபாய். 100 கோடி டாலர் இறக்குமதி என்பது முன்பு 6,000 கோடி ரூபாய். பின்னர் 8,300 கோடி ரூபாய். ஒரு தடிகூடக் கூடுதலாக வரவில்லை. ரூபாயில் எழுதிய தலைப்புச் செய்தி மட்டும் 38 சதவீத உயர்வு என்று சொல்லும்.

*ஆண்டுக் கணக்கு:* நம் வணிகப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்கு வெளியாகின்றன. சீனாவினுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. விலை வேகமாக ஏறி இறங்கும் காலத்தில் இந்த மூன்று மாத வேறுபாடும் கணக்கைப் புரட்டிவிடும்.

*வீட்டுச் சந்தை:* சீனா 2021இல் சுமார் 6.4 கோடி கன மீட்டர் தடி வாங்கியது. 2023இல் அது சுமார் 3.8 கோடியாகக் குறைந்தது. அங்கு அடுக்குமாடி கட்டும் பெரு நிறுவனங்கள் கடனில் மூழ்கிக் கட்டுமானம் சுருங்கியது இதற்குப் பெரிய காரணம். அதே இரண்டு ஆண்டுகளில் கூழ் இறக்குமதி கூடியது. ஒரே நாட்டில் ஒரு பொருள் இறங்க, இன்னொன்று ஏறியது. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொன்னால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

உள்ளே வந்த மரம் எங்கே போகிறது?

சீனா உலகின் மிகப்பெரிய மரச்சாமான் ஏற்றுமதியாளர். ரஷ்யக் காட்டில் வெட்டிய மரம் சீன ஆலையில் நாற்காலியாகி, அமெரிக்க வீட்டுக்குப் போகிறது. சுங்கக் கணக்கு அந்த மரத்தைச் சீனாவின் பெயரில் எழுதுகிறது. உட்காருபவர் வேறு நாட்டில் இருக்கிறார். 'சீனா காடுகளை விழுங்குகிறது' என்று சொல்லும் நாடுகளின் வரவேற்பறையிலேயே அந்த மரம் கிடக்கக் கூடும்.

இந்தியா வாங்கும் மரத்தில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே பயன்படுகிறது. நம் ஏற்றுமதி வேறு வகை. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே உளி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் கைவினைஞர்கள். அவர்களும் ராஜஸ்தானின் ஜோத்பூர்ப் பட்டறைகளும் பயன்படுத்தும் சீஷம் மரம் உள்நாட்டில் விளைவது. 2017 ஜனவரியில் ஈட்டி, சீஷம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சீனாவில் ஆடம்பர மரச்சாமான்களுக்காக இந்த இனத்து மரங்களுக்கு ஏற்பட்ட பெரும் கிராக்கி இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன் சுமை, சட்டப்படி வேலை செய்துவந்த சஹாரன்பூர் கைவினைஞர்கள் மீதும் விழுந்தது. ஏற்றுமதிக்குத் தனிச் சான்றிதழ் பெற வேண்டிய நிலை உருவானது.

கணக்கில் வராத மரம்

எந்தத் தொகையிலும் சேராத மரமும் எல்லை தாண்டுகிறது. மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து சீனாவின் யுன்னானுக்குத் தரைவழியாகப் போன மரத்தை மியான்மர் அரசு கடத்தல் என்றது. 2015 ஜனவரியில் அங்கு மரம் வெட்டிய 150க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். ஜூலையில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே பொதுமன்னிப்பில் விடுதலையாயினர்.

நமக்கு இன்னும் நெருக்கமான மரம் செம்மரம். ஆந்திராவின் சேஷாசலம் காடுகளில் விளையும் இதற்குச் சீனாவில் பெரும் விலை. கடத்தல்காரர்கள் கூலிக்கு அனுப்புவதோ தமிழகத்தின் ஏழைத் தொழிலாளர்களை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திர போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழகத்திலிருந்து போனவர்கள். அவர்கள் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட மரம் வெளிநாடு போய்ச் சேர்ந்திருந்தாலும் எந்த நாட்டின் இறக்குமதிக் கணக்கிலும் ஒழுங்காகப் பதிவாகியிருக்காது. வெளிப்படையான தொகைகளை ஒப்பிடும்போது, அவற்றுக்கு வெளியே இப்படி ஒரு வணிகமும் உயிர்ப்பலியும் இருப்பதை மறக்கக் கூடாது.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன?

வீடு கட்டுபவர்களுக்கு முதலில். காரைக்குடி வட்டார வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் மீது தனி மதிப்பு உண்டு. ஆனால் 2014க்குப் பிறகு மியான்மரிலிருந்து தடியாக மரம் அனுப்ப அனுமதி இல்லை. மரவாடியில் பர்மா தேக்கு என்று காட்டினால், எந்த நாட்டு மரம், இயற்கைக் காட்டு மரமா தோட்ட மரமா, பில்லில் அதை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தோட்டத் தேக்கு தவறான மரம் அல்ல. ஆனால் அதைப் பர்மா விலைக்கு வாங்கக் கூடாது. விலையைக் கன அடிக்கு எவ்வளவு என்று கேட்டு ஒப்பிடுங்கள். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி.

பழைய பேப்பர் கடை நடத்துபவர்கள் நம் சமூகத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் திரட்டும் ஒவ்வொரு டன்னும் டாலர் கொடுத்து வாங்கும் கழிவுக் காகிதத்துக்கு மாற்று. வீட்டில் நனையாமல், உணவுக் கழிவு படாமல் பேப்பரையும் அட்டையையும் தனியே வைத்துக் கொடுத்தால் அது ஆலைக்குப் போகும். எண்ணெய் பட்டால் குப்பைக்குப் போகும்.

நிலம் வைத்திருப்போருக்கும் வழி உண்டு. சவுக்கு, தைல மரம், மலைவேம்பு ஆகியவற்றைக் காகித ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் விவசாயிகளிடம் வாங்குகின்றன. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு அரசின் காகித ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யத் தொடங்கியது. இன்று விவசாயிகள் வளர்க்கும் மரத்தையும் வாங்குகிறது. நடுவதற்கு முன், யார் வாங்குவார்கள், எத்தனை ஆண்டில், எந்தக் கனத்தில், வெட்டுக்கூலி யாருடையது என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இத்தகைய ஒப்பீட்டைக் கண்டால் ஆறு கேள்விகள் கேட்கட்டும்: எந்தெந்தப் பொருட்கள் சேர்ந்துள்ளன? டாலரா, ரூபாயா? கப்பல் கூலி சேர்ந்ததா? எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை? அளவு எவ்வளவு? வாங்கியதில் எவ்வளவு மறுபடி வெளியே போனது? இந்த ஆறுக்கும் பதில் இல்லாத ஒப்பீட்டை வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

இந்தியாவும் சீனாவும் தங்கள் காடுகளை ஓரளவு காத்துக்கொண்டதற்கு மியான்மர், கபோன், சரவாக் போன்ற இடங்களின் காடுகளும் விலை கொடுத்திருக்கின்றன. அந்த விலை இறக்குமதித் தொகையில் எழுதப்படுவதில்லை. நம் வீட்டுக்கு வாங்கும் கதவு எந்த ஊர் மரம் என்று கேட்பதிலிருந்து அதை நாம் அறியத் தொடங்கலாம்.